ஐவிசி ரேக்கில் சுண்டெலி வளர்ப்பு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

ஆராய்ச்சிக்கென்று வளர்க்கும், கிருமி அண்டாத சுண்டெலி அறையைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஒவ்வொரு கேஜுக்கும் (கூண்டுக்கும்) தனித்தனியாக வடிகட்டிய காற்று போகும் அடுக்குத்தான் ஐவிசி ரேக். ஊர் சென்னை. வெக்கை, புழுக்கம், ஐப்பசி மழை, கரண்ட் கட் எல்லாம் உண்டு. ஒரே கோளாறு மாதாமாதம் திரும்பி வரும். புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. என் அனுபவத்தில், கோளாறால் அறைக்குள் கிருமி வந்தது குறைவு. கோளாறைச் சரிசெய்யப் பதறி ஓடியபோது வந்ததுதான் அதிகம். அலாரம் அடித்ததும் உடை மாற்றாமல் உள்ளே நுழைவது, வெளியே கிடந்த ஸ்க்ரூடிரைவரைத் துடைக்காமல் எடுத்துப் போவது, ரேக்கின் முன்னாலேயே கேஜ் மூடியைத் திறப்பது. எனவே எந்தக் கோளாறாக இருந்தாலும் இந்த மூன்றை விடாதீர்கள்:

- எதையும் தொடும் முன் திரையில் தெரியும் எண்களையும் நேரத்தையும் அறைப் புத்தகத்தில் எழுதுங்கள். பட்டனை அமுக்கி அலாரத்தை நிறுத்திவிட்டால் அந்த எண்கள் போய்விடும்.
- கேஜ் மூடி திறப்பது சேஞ்ச் ஸ்டேஷனுக்குள் (வடிகட்டிய காற்று ஓடும், கேஜ் மாற்றும் மேடை) மட்டும்.
- டார்ச், ஸ்க்ரூடிரைவர், டிஷ்யூ, மார்க்கர், பிஎச் தாள், ஒரு மாற்று ப்ரீஃபில்டர் (தூசியை முதலில் பிடிக்கும் வடிகட்டி), சில சிலிக்கான் வளையங்கள். இவை அடங்கிய பெட்டி ஒன்று உள்ளேயே இருக்கட்டும். அது வெளியே போகவே கூடாது.

## அலாரம் அடிக்கிறது, காற்று குறைந்திருக்கிறது

முதலில் கேட்க வேண்டியது: ஒரு கேஜிலா, ஒரு வரிசையிலா, ரேக் முழுவதுமா?

### ஒரு கேஜ் மட்டும்

அலாரம் இதைக் காட்டாது, கண்ணில்தான் படும். அந்தக் கேஜின் சுவர் மட்டும் வியர்த்திருக்கும், படுக்கை ஈரமாகக் கருத்திருக்கும்.

1. கேஜை முழுக்க உள்ளே தள்ளிப் பாருங்கள். பாதி நேரம் 'டக்' என்று உட்காராததுதான் காரணம்.
2. வெளியே எடுத்து, பின்புற வால்வில் டார்ச் அடியுங்கள். படுக்கையாகப் போடும் சோளத்தக்கைத் துண்டு ஒன்று சிக்கியிருந்தாலே போதும், வால்வு திறக்காது.
3. சேஞ்ச் ஸ்டேஷனில் திறந்து காற்று வரும் வாயைப் பாருங்கள். சில எலிகளுக்கு அந்தக் காற்று பிடிக்காது. கூடு கட்டக் கொடுத்த பஞ்சை அதே வாயில் வைத்து அடைத்துவிடும். பஞ்சை எடுத்தால் மறுநாள் மறுபடி அடைக்கும். கூட்டை முன்பக்கம் நகர்த்தி, ஒளிந்துகொள்ள ஒரு குடிசையும் கொடுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.
4. சிலிக்கான் வளையத்தை விரலால் அழுத்துங்கள். ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலம்) வெந்து வெந்து கெட்டியாகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

### ஒரு வரிசை மட்டும்

காலி இடத்தைத் தேடுங்கள். கேஜ் இல்லாத இடத்தில் தானாக மூடிக்கொள்ளும் வால்வு எல்லா ரேக்கிலும் இருக்காது. அப்படிப்பட்ட ரேக்கில் காலி இடங்களுக்கு வெறும் கேஜ் மாட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓட்டை வழியே காற்று ஓடிவிடும். காலி இடம் எதுவும் இல்லையென்றால் அந்த வரிசையின் காற்றுக்குழாய் அடைபட்டிருக்கலாம். அது கழற்றிக் கழுவும் வேலை, எலிகளை வேறு ரேக்குக்கு மாற்றிவிட்டுத்தான் தொட வேண்டும்.

### ரேக் முழுவதும்

மலிவான காரணத்திலிருந்து இந்த வரிசையில் பாருங்கள்:

1. மோடு. நோய் சந்தேகத்தில் யாராவது நெகட்டிவ் அழுத்தத்துக்கு மாற்றி, திரும்ப மாற்றாமல் விட்டிருக்கலாம். சுத்தமான எலிகளுக்குப் பாசிட்டிவ்தான்: கேஜுக்குள் அழுத்தம் கூடுதல், அறையில் குறைவு.
2. பின்புறக் குழாய். தரை துடைக்க ரேக்கை நகர்த்தியவர் அதைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருப்பார், குழாய் மடங்கியிருக்கும்.
3. ப்ரீஃபில்டர். குறிப்பாகக் காற்று வெளியேறும் பக்கம், ஏனென்றால் ரோமமும் தக்கைத் தூளும் அங்கேதான் சேரும். கழற்றி விளக்குக்கு நேரே பிடியுங்கள். நல்லதென்றால் வெளிச்சம் ஊடுருவும். அடைபட்டது சாம்பல் நிறக் கம்பளி போல இருக்கும், ஓரத்தைப் பிரித்தால் தோல் மாதிரி தனியாக உரியும். அங்கேயே தட்டி உதறாதீர்கள். எலியின் ரோமமும் சிறுநீர்ப் புரதமும் மூக்கில் ஏறினால் வேலை செய்பவருக்கு ஆஸ்துமா வரலாம். கழற்றியதும் பைக்குள் போட்டு முடிச்சு போடுங்கள். கழுவிப் போடும் வகையானால் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.
4. கட்டடத்தின் வெளியேற்று குழாயோடு ரேக் இணைந்திருந்தால், ஏஎச்யூ (கட்டடத்துக்குக் காற்று அனுப்பும் இயந்திரம்) ஓடுகிறதா என்று பராமரிப்பு ஆட்களைக் கேளுங்கள்.
5. புளோவர் சத்தம். சீரான இரைச்சலில் ஒரு கீச்சு கலந்திருந்தால் பேரிங் போகப்போகிறது.

ப்ரீஃபில்டர் மாற்றியும் எண் ஏறவில்லையென்றால் ஹெபா (கிருமியையும் நுண்தூசியையும் பிடிக்கும் முக்கிய வடிகட்டி) நிறைந்துவிட்டது, அல்லது புளோவர் தளர்ந்துவிட்டது. இங்கே நிறுத்திக்கொண்டு சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஹெபாவைத் தட்டுவதும், வாக்கூம் பிடிப்பதும், கையால் தொடுவதும் கூடாது. புது ஹெபா மாட்டியதும் கசிவுச் சோதனை செய்யச் சொல்லி, சான்றிதழ் கையில் வந்த பிறகு ரேக்கை ஏற்றுக்கொள்ளுங்கள். வடிதாள் நல்லதாக இருந்து ஓரத்து ரப்பர் சரியாக உட்காராததால் கசிந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஐவிசி கேஜுக்குள் மணிக்கு 50 முதல் 75 முறை காற்று மாறுவது வழக்கம். அந்த எண் 40க்கு இறங்கியதும் எலி சாகாது. நிதானமாக உடை மாற்றிக்கொண்டு உள்ளே போக உங்களுக்கு நேரம் இருக்கிறது.

## கரண்ட் போய்விட்டது

இங்கே மட்டும் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். மூடியில் வடிதாள் உள்ள கேஜ் காற்றோட்டம் நின்றாலும் கொஞ்ச நேரம் தாங்கும். அபாயக் கிருமி வேலைக்கென்று இறுக்கமாக அடைத்த கேஜ் அவ்வளவு தாங்காது. உங்கள் ரேக் எத்தனை நிமிடம் தாங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் ரேக்கிலேயே ஒட்டுங்கள். இருட்டில் கையேடு தேட முடியாது.

- ஜெனரேட்டர் ஓடுகிறதா? ஓடியும் ரேக் நின்றிருந்தால், அந்தப் பிளக் ஜெனரேட்டர் லைனில் இல்லை என்று பொருள். எவை ஜெனரேட்டர் லைன் பிளக் என்று இன்றே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.
- ரேக்கின் யூபிஎஸ் பேட்டரி வயது என்ன? மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று நிஜமாகவே அளந்து பாருங்கள்.
- குறித்த நேரம் நெருங்கினால், கையேடு சொல்லும்படி கேஜ்களை வெளியே இழுத்து வையுங்கள். எல்லா மூடியையும் ஒரேயடியாகத் திறக்காதீர்கள். பல வருடம் கட்டிக்காத்த சுத்தம் பத்து நிமிடத்தில் போய்விடும்.

கரண்ட் திரும்பியதும் மூன்று இடம் பார்க்க வேண்டும். புளோவர் தானாகத் தொடங்கியதா? விளக்கு டைமரின் மணி சரியாக இருக்கிறதா? அப்புறம் ஆட்டோகிளேவ். பாதியில் நின்ற லோடு வெந்ததாகக் கணக்கில்லை, முதலிலிருந்து போட வேண்டும்.

## கேஜ் குளமாகிவிட்டது

காலை ரவுண்டில் கண்ணில் படக்கூடியதில் மிக அவசரமானது இதுதான். படுக்கை முழுக்க ஊறி, எலிகள் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ரோமம் முள்முள்ளாக ஒட்டி நிற்கும். 25 கிராம் உயிருக்குச் சூடு போவது வெகு சீக்கிரம்.

முதலில் எலி, பிறகு காரணம். உலர்ந்த கேஜுக்கு மாற்றுங்கள், நிறைய பஞ்சு கொடுங்கள். கேஜின் பாதி அடிப்பாகம் மட்டும் சூட்டு மெத்தையின் மேல் இருக்கட்டும். மறுபாதி சூடில்லாமல் இருந்தால்தான் வேண்டாதபோது எலி விலகிக்கொள்ள முடியும். விளக்கை நேரே காட்ட வேண்டாம். சில்லிட்டுக் கிடக்கும் குட்டிகளைச் செத்ததென்று உடனே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கையுறைக்குள் பொத்திவைத்துக் கொஞ்ச நேரம் சூடு கொடுங்கள். நீலம் பாரித்த குட்டி ரோஜா நிறத்துக்குத் திரும்பி வாய் திறந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது காரணம்:

1. புட்டியைக் கவிழ்த்து டிஷ்யூ மேல் பிடியுங்கள். ஓரிரு சொட்டு விழுந்து நின்றுவிட்டால் புட்டி நல்லது. நிற்காமல் சொட்டினால் மூடி ரப்பரைப் பாருங்கள், அப்புறம் புட்டிக் கழுத்தில் விரிசல் தேடுங்கள்.
2. புட்டி நல்லதென்றால் குற்றவாளி படுக்கை. எலி தக்கையை மூக்குக்குழல் (புட்டியில் எலி வாய் வைத்துக் குடிக்கும் குழல்) வரை குவித்துவிட்டால் அது திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சி இறக்கும். படுக்கையின் உயரத்தைக் குறையுங்கள்.
3. பாதிக்கு மேல் காலியான புட்டிகள் மட்டும் சொட்டுகின்றனவா? உள்ளே இருக்கும் காற்று அறைச் சூட்டில் விரிந்து தண்ணீரைத் தள்ளுகிறது. இரவில் ஏசி நின்று நின்று ஓடும் அறையில் இது அதிகம். வெப்பநிலைப் பதிவைப் பாருங்கள்.
4. தானியங்கித் தண்ணீர்க் குழாய் உள்ள ரேக்கில் ஒரு கேஜ் மட்டுமென்றால் வால்வில் தூசு. ஒரே நாளில் மூன்று நான்கு கேஜ் என்றால் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியில் சிக்கல். அந்த ரேக்கின் தண்ணீரை மூடி, புட்டி மாட்டி, ஆளைக் கூப்பிடுங்கள்.

## புட்டி நிறைந்தே இருக்கிறது

இது நல்ல செய்தி அல்ல. ஒரு சுண்டெலி நாளுக்கு 3 முதல் 5 மில்லி குடிக்கும். ஐந்து எலி உள்ள கேஜில் தினமும் 15 மில்லியாவது இறங்க வேண்டும். மாற்றிய அன்று மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், மறுநாள் கோட்டிலிருந்து இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் கிடைக்காத எலி தீனியையும் தொடாது. புட்டியும் நிறைவு, தீனித் தொட்டியும் நிறைவு என்றால் கேஜுக்குள் யாரோ தவிக்கிறார்கள்.

காரணங்கள்: மூக்குக்குழலில் காற்று அடைத்திருப்பது (விரலால் சுண்டினால் போய்விடும்), குழலுக்குள் இருக்கும் உருண்டை ஒட்டிக்கொண்டிருப்பது, தாயிடமிருந்து பிரித்த குட்டிக்குக் குழல் எட்டாமலிருப்பது. இவை மூன்றும் இல்லையென்றால் தண்ணீரின் பிஎச். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளராமலிருக்க அமிலம் கலந்து 2.5 முதல் 3.0க்குள் வைப்பது வழக்கம். அதற்குக் கீழே போனால் எலி குடிப்பதைக் குறைத்துவிடும். மீட்டர் காட்டுவதை நம்பும் முன் பஃபரில் (பிஎச் தெரிந்த கரைசல்) அளந்து மீட்டரையே சோதியுங்கள். எங்கள் அறையில் ஒருமுறை 2.7 என்று மீட்டர் காட்டியது உண்மையில் 2.2.

தண்ணீர் கிடைத்த பிறகும் முதுகு கூனி, கண் சுருங்கி உட்கார்ந்திருந்தால் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

## அம்மோனியா நெடி

மூக்கை நம்ப வேண்டாம். தினமும் உள்ளே இருப்பவரின் மூக்கு பழகிவிடும். கேஜுக்குள் சோதனைத் தாள் வைத்து அளங்கள். 25 பிபிஎம் தொட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

கூட்டம் முதல் காரணம். ஒரு ஆண், இரண்டு தாய், இரண்டு ஈற்றுக் குட்டிகள் என்று ஒரே கேஜில் சேர்ந்துவிட்டிருக்கும். பிரித்து வையுங்கள். இரண்டாவது, நீரிழிவு எலிகள். அவை சிறுநீர் கொட்டும், மற்ற கேஜ்களின் கால அட்டவணை அவற்றுக்குப் பொருந்தாது. மூன்றாவது, ஆட்டோகிளேவிலிருந்து ஈரமாக வந்த படுக்கை. மழைக்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். கையில் அள்ளிப் பிசைந்து விட்டால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் வேண்டாம். இவை எதுவும் இல்லையென்றால் மேலே முதல் பகுதிக்குப் போங்கள், காற்றோட்டம்தான்.

## அறைக் கதவு தானாகத் திறக்கிறது, அல்லது இழுத்தால் வரவில்லை

அறை அழுத்தம் மாறியிருக்கிறது. டிஷ்யூவை நீளமாகக் கிழித்து மூடிய கதவின் அடி இடுக்கில் பிடியுங்கள். சுத்தமான அறையிலிருந்து வெளிப்பக்கம் பறக்க வேண்டும். உள்ளே இழுத்தால் வெளிக்காற்று உள்ளே வருகிறது. ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாம், எலிகள் இருக்கும் அறையில் புகை எதற்கு?

இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிறதா, பாஸ் பாக்ஸ் (பொருள்களை உள்ளே அனுப்பும் இரட்டைக் கதவுப் பெட்டி) மறுபக்கம் சரியாக மூடியதா, கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு அழுத்த மானி. அதன் சிறு ரப்பர் குழாய் கழன்றிருந்தால் முள் பூஜ்யத்தில் நிற்கும், அறையில் கோளாறே இருக்காது. டிஷ்யூ சரியாகப் பறந்து மானி மட்டும் பூஜ்யமென்றால் காரணம் அதுதான். டிஷ்யூவும் தலைகீழ் என்றால் ஏஎச்யூ வடிதாள், பெல்ட், டாம்பர். அது பராமரிப்புக் குழுவின் வேலை. அவர்கள் வரும்வரை கேஜ் மாற்றுவதை நிறுத்துங்கள். கேஜ்கள் ரேக்கில் மாட்டியிருக்கும்வரை உள்ளே இருக்கும் எலிக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. மூடி திறக்கும் நேரம்தான் ஆபத்து.

## ஆட்டோகிளேவ் டேப் கறுத்தது, ஆனால் ஸ்போர் வளர்ந்துவிட்டது

டேப் சொல்வது சூடு பட்டது என்பதை மட்டும். உள்ளே கிருமி செத்ததா என்பது மூட்டையின் நடுவில் புதைத்த ஜியோபேசிலஸ் ஸ்போர் (சூட்டைத் தாங்கும் பாக்டீரியா வித்து) பட்டைக்குத்தான் தெரியும். ஸ்போர் வளர்ந்துவிட்டால் அந்த லோடு மட்டுமல்ல, கடைசியாக நல்ல முடிவு வந்த நாளிலிருந்து உள்ளே போன எல்லாமே சந்தேகத்துக்குரியது. எந்தெந்தக் கேஜுக்குப் போனது என்று அன்றே பட்டியல் எடுங்கள்.

1. வைத்த முறை. படுக்கை மூட்டைகளை இறுக்கி அடுக்கினால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு நீராவி நுழையாது. மூட்டையைப் பாதியளவாக்கி, இடைவெளி விட்டு அடுக்கி, மறுபடி ஸ்போர் வையுங்கள். பெரும்பாலும் இங்கேயே தீரும்.
2. அடிவடிகால் சல்லடை. இதை மறப்பவர்கள் அதிகம். சேம்பரின் தரையில் உள்ள அந்தச் சின்னச் சல்லடையில் தக்கைத் தூள் சேர்ந்து சாந்து போல இறுகியிருக்கும். அது அடைத்தால் காற்றும் வெளியேறாது, தண்ணீரும் வடியாது, மூட்டை நனைந்தே வரும். வாரம் ஒருமுறை பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.
3. கதவு ரப்பர். சுற்றிலும் விரலால் தடவுங்கள், வெட்டுப்பட்ட இடம் கைக்குத் தெரியும்.
4. வாக்கூம் வகையென்றால் காலை முதல் ஓட்டத்தில் போவி-டிக் சோதனை. தாள் நடுவில் வெளுப்பாக நின்றால் காற்று முழுக்க வெளியேறவில்லை.

நான்கும் சரியாக இருந்து மறுபடி ஸ்போர் வளர்ந்தால் வாக்கூம் பம்ப், நீராவிப் பொறி, வெப்ப உணரி ஆகியவற்றில் ஒன்று. அழுத்தக் கலத்தை நீங்களே பிரிக்காதீர்கள், இன்ஜினியர்தான். அதுவரை கதிர்வீச்சால் சுத்திகரித்த தீனியும் படுக்கையும் வாங்கிச் சமாளிக்கலாம்.

ஒரு துணைக் குறிப்பு: 'எதற்கும் இருக்கட்டும்' என்று நேரத்தைக் கூட்டிப் போடாதீர்கள். தீனி கல்லாகிவிடும், வைட்டமின்களும் போகும். பால் மறந்த குட்டி கடிக்க முடியாமல் இளைத்துப்போனால் தீனியை உடைத்துப் பாருங்கள்.

## குட்டிகள் காணாமல் போகின்றன, ஈற்று குறைகிறது

நோயென்று முடிவு கட்டும் முன் சின்னக் காரணங்கள் நிறைய இருக்கின்றன.

குட்டி பிறந்த இரண்டு நாளுக்குள் மறைகிறதா? தாய் தின்றிருக்கும். பிரசவத்தை ஒட்டிக் கேஜ் மாற்றினோமா என்று அட்டையைப் பாருங்கள். நிறைமாதக் கேஜுக்கும் புதுக்குட்டிக் கேஜுக்கும் வண்ணச் சீட்டு வைத்து மாற்றத்தைத் தள்ளிப்போடுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய கூட்டையும் சேர்த்து எடுத்து வையுங்கள், வாசனை தொடர்ந்தால் தாய் பதறாது. பிளாக் சிக்ஸ் (C57BL/6 என்ற கறுப்பு எலி வகை) தாய்களுக்கு முதல் ஈற்றில் இது சகஜம்.

பல கேஜ்களில் ஒரே நேரத்தில் சினை நின்றதா? விளக்கு டைமர். கரண்ட் போய் வந்தபோது டைமர் குழம்பி, நள்ளிரவில் விளக்கு எரிந்து 12 மணி நேர இருட்டு உடைந்திருக்கும். பகலில் உள்ளே போகும் நமக்கு இது தெரியவே தெரியாது. ஒளி பதியும் லாகர் ஒன்றை இரண்டு இரவு வைத்துப் பாருங்கள். கூடவே, பக்கத்தில் துளை போடும் வேலை நடக்கிறதா, மீயொலி எழுப்பும் புதுக் கருவி வந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். நமக்குக் கேட்காத சத்தம் எலிக்கு நன்றாகக் கேட்கும்.

எறும்பு? நம் ஊரில் இதைக் கேட்காமல் விடக்கூடாது. குட்டியை எறும்பு விடாது. ரேக் சக்கரத்தைச் சுற்றியும் தரை ஓரத்திலும் பாருங்கள். எறும்பு நுழையும் இடுக்கு வழியே வேறென்னவும் நுழையும் என்பதால் இடுக்கை அடைப்பதுதான் வைத்தியம். பூச்சி மருந்து தெளிக்காதீர்கள், அது எலியின் கல்லீரல் நொதிகளை மாற்றி ஆராய்ச்சி முடிவையே கெடுத்துவிடும்.

கேஜ்கள் பனி படர்ந்தது போல மங்கியிருக்கின்றனவா? இதை அழகுப் பிரச்சினை என்று தள்ளாதீர்கள். 1998இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பேட்ரீசியா ஹன்ட் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில், எந்த மருந்தும் கொடுக்காத எலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் பிழைகள் திடீரென்று கூடின. தேடிப் பார்த்தபோது, தவறான காரச் சோப்பால் கழுவியதில் பாலிகார்பனேட் கேஜும் புட்டியும் அரித்து, பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் கசிந்தது தெரிந்தது. சோப்பு மாறியதா என்று கழுவும் அறையில் கேளுங்கள். மங்கிய கேஜ்களையும் விரிசல் விட்டவற்றையும் கழித்துவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஈற்று ஏறவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள்.

## முடி கொட்டுகிறது, சொறிகிறது

- மழித்தது போலச் சுத்தமான வழுக்கை, புண் இல்லை, மீசையும் இல்லை. கேஜில் ஒரே ஒரு எலிக்கு மட்டும் மீசை முழுசாக இருக்கும். அதுதான் மற்றவற்றின் முடியைக் கடித்தெடுக்கிறது. நோய் அல்ல.
- வாலிலும் பின்புறத்திலும் கடிபட்ட புண்: ஆண்கள் சண்டை. பிரியுங்கள். வளர்ந்த அந்நிய ஆண்களை ஒன்றாக விடாதீர்கள்.
- பிளாக் சிக்ஸ் எலியின் பிடரியில் ஆறாத புண்: இந்த வகைக்கே உரிய தோல் நோய். பின்னங்கால் நகத்தை வெட்டிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.
- பல கேஜ்களில் அரிப்பு, ரோமத்தில் பொடி: உண்ணி. பிடரியிலும் தோள்களுக்கு நடுவிலும் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். முடியைக் கட்டிப்பிடித்தபடி மயோபியா (Myobia), மயோகாப்டஸ் (Myocoptes) என்ற உண்ணிகளில் ஒன்று தெரியும். கிருமி வந்ததா என்று கண்டறிய, மற்ற கேஜ்களின் அழுக்குப் படுக்கை போட்டு வளர்க்கும் சென்டினல் (காவல்) எலி உண்ணியைப் பல முறை தவறவிடும். அதன் ரிப்போர்ட் சுத்தமாக வந்திருக்கிறதே என்று ஆறுதலடையாதீர்கள், உண்மையான எலியின் ரோமத்தைத் துடைத்துப் பிசிஆர் அனுப்புங்கள். ஐவர்மெக்டின் என்ற உண்ணி மருந்தை நீங்களே கொடுக்க வேண்டாம். சின்னக் குட்டிக்கும் சில மரபு வகைகளுக்கும் அது மூளைவரை போய் உயிரைக் குடிக்கும்.
- ரோமமில்லா நியூட் எலியின் முதுகில் வெள்ளைச் செதில்: அறை ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போனதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோரினிபாக்டீரியம் போவிஸ் என்ற பாக்டீரியா. இது கையுறை வழியாகவும் சேஞ்ச் ஸ்டேஷன் வழியாகவும் கேஜ் கேஜாகத் தாவும், ஆன்டிபயாடிக் பெரும்பாலும் அடக்கிவைக்கும், ஒழிக்காது. அந்தக் கேஜ்களை அன்றைய வேலையின் கடைசிக்குத் தள்ளி, ஒவ்வொரு கேஜுக்கும் இடையில் கையுறை மாற்றி, மருத்துவரை வரச்சொல்லுங்கள்.

## சென்டினல் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ்

அந்தத் தாள் கையில் வந்ததும் வயிறு கலங்கும். எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது.

முதல் நாள். எலி உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நிறுத்துங்கள். அந்த அறையை நுழைவு வரிசையில் கடைசியாக்குங்கள், அங்கிருந்து வந்தவர் அன்று வேறு எலி அறைக்குப் போகக் கூடாது. யாரையும் கொல்லவும் வேண்டாம், புகை போடவும் வேண்டாம். ஒரே மாதிரியில், ஒரே முறையில் வந்த பாசிட்டிவ் பொய்யாகவும் இருக்கலாம். எலைசாவில் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை) வந்திருந்தால் வேறு முறையில் உறுதி செய்யுங்கள். அந்தச் சென்டினலுக்குப் படுக்கை கொடுத்த கேஜ்களின் புழுக்கையையும் ரேக்கின் வெளியேற்றுத் தூசியையும் பிசிஆருக்கு அனுப்புங்கள்.

உறுதியாகிவிட்டது என்றால், அது என்ன கிருமி என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

*குடற்புழு.* சிஃபேசியா, ஆஸ்பிகுலூரிஸ் என இரண்டு வகை. சிஃபேசியா முட்டை ஆசனவாயில் ஒட்டுநாடா வைத்தால் கிடைக்கும், ஆஸ்பிகுலூரிஸ் கிடைக்காது, அதற்குப் புழுக்கையை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்து கலந்த தீனி வேலை செய்யும். கூடவே கேஜும் ரேக்கும் சூடாகக் கழுவப்படாவிட்டால் முட்டை திரும்பி வரும்.

*எலி ஹெபடைடிஸ் வைரஸ்.* வேகமாகப் பரவும், ஆனால் கொழுப்பு உறை உள்ளதால் சாதாரணக் கிருமிநாசினிக்கே செத்துவிடும். நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள எலிகள் சில வாரத்தில் தாமே விரட்டிவிடும். இனப்பெருக்கத்தை இரண்டு மாதம் அளவுக்கு நிறுத்திவைத்து அறையைக் காப்பாற்றிய இடங்கள் உண்டு. எதிர்ப்புச் சக்தி இல்லாத வகைகளுக்கு இந்த வழி இல்லை.

*பார்வோ வைரஸ்.* பிடிவாதக்காரன். உறை இல்லை, மாதக்கணக்கில் பரப்பில் கிடக்கும். நாம் தினமும் தரை துடைக்கும் குவாட்டர்னரி அமோனியம் இதை ஒன்றும் செய்யாது. குளோரின் டையாக்சைடு அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி வேண்டும். அரிய மரபு வகையென்றால் கருவை எடுத்துக் கழுவி, சுத்தமான வாடகைத் தாய்க்கு மாற்றி மீட்க வேண்டும். இது கால்நடை மருத்துவரும், ஆராய்ச்சியாளரும், விலங்கு நெறிமுறைக் குழுவும் சேர்ந்து எடுக்கும் முடிவு. தனியாக எடுக்காதீர்கள்.

எங்கிருந்து வந்தது? கடைசி இரண்டு மாதப் புத்தகத்தைப் புரட்டுங்கள். புது எலி, வெளி ஆய்வகம் போய் வந்த ஆள், தீனிக் கிடங்கில் வீட்டெலிப் புழுக்கை. இந்த மூன்றையும் எல்லோரும் கேட்பார்கள். நான்காவதாக ஊசியில் போன பொருளைக் கேளுங்கள். எலியிலிருந்து எடுத்த செல், கட்டி, சீரம் எதுவானாலும் வைரஸ் சோதனை செய்தே எலிக்குச் செலுத்த வேண்டும். 1990களில் அமெரிக்க ஆய்வகங்களில் இரண்டு முறை எலியம்மை பரவியது. இரண்டு முறையும் கடையில் வாங்கிய எலி சீரம்தான் காரணம். எனக்கு வந்த இரண்டில் ஒன்றும் இப்படித்தான்: ஒரு மாணவர் நண்பரிடமிருந்து வாங்கி வந்த செல் குப்பி. அவர் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு ஃப்ரீசரில் சோதனைச் சீட்டு இல்லாத குப்பி எதுவும் எங்கள் அறைக்குள் வந்ததில்லை.

அறையைக் காலி செய்து ஆவி போட்ட பிறகு உடனே எலி ஏற்றாதீர்கள். ரேக்கின் ப்ரீஃபில்டர்களை மாற்றி, குழாய்களுக்குள்ளும் துடைத்துப் பிசிஆர் எடுங்கள். அப்புறம் சில சென்டினல் எலிகளை மட்டும் வைத்து, ரிப்போர்ட் வரும்வரை காத்திருங்கள். அந்த வாரங்களில் காலி அறைக்கும் அதே உடை, அதே கையுறை, அதே நுழைவு வரிசை.